தங்கத்தில் தூர்ந்துபோன பள்ளங்கள்

நண்பர்களே, வணக்கம். எம்.எஸ்ஸி.யில் இயற்பியல் படித்தவர்களுக்கு போர்ன் தோராயம் நினைவிருக்கும். ஒரு துகள் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று கணக்கிட மாக்ஸ் போர்ன் 1926-இல் காட்டிய வழி அது. அணுக்கருவை நோக்கி ஓர் எலக்ட்ரான் அலை வருகிறது. உள்ளே போன பிறகும் அது கலையாமல் இருக்கிறது, ஒரே ஒரு முறைதான் சிதறுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுகிறோம். தேரோட்டக் கூட்டத்துக்குள் புகுந்தவரை ஒரே ஒருவர்தான் இடித்தார் என்று சொல்வது மாதிரி. கூட்டம் குறைவு என்றால் சரி, ஒப்புக்கொள்ளலாம்.

கூலும் விசைக்கு, அதாவது மின்னூட்டங்களுக்கு இடையிலான விசைக்கு, இப்படிக் கணக்கிட்டால் சிதறலுக்கு ரூதர்ஃபோர்ட் 1911-இல் தந்த சூத்திரமே வந்து நிற்கும். சார்பியலைச் சேர்க்காத முழுக் குவாண்டம் கணக்கிலும் அதேதான். மூன்றும் ஒத்துப்போகிறதே என்று மாணவனாக இருந்தபோது எனக்குப் புல்லரித்தது. அது குருட்டு அதிர்ஷ்டம் என்று பிறகுதான் புரிந்தது. தோராயத்தின் அடுத்த படியைப் போட்டுப் பாருங்கள், முடிவிலி வந்து நிற்கும்!

இனி தங்கத்துக்கு வருவோம். 1953-இல் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹாஃப்ஸ்டேட்டர் குழு தங்க அணுக்கருமேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சியது; ஆற்றல் ஏறத்தாழ 150 மெகா எலக்ட்ரான் வோல்ட். அணுக்கரு கூரான விளிம்புள்ள உருண்டை என்றால், போர்ன் கணக்குப்படி சில கோணங்களில் ஓர் எலக்ட்ரான்கூட வரக்கூடாது. வரைபடத்தில் கிணறு மாதிரிப் பள்ளங்கள் விழ வேண்டும். அளந்த வளைவில் அப்படி எதுவும் இல்லை. இதை அப்படியே நம்பினால் அணுக்கருவுக்கு விளிம்பே கிடையாது என்றுதான் முடிவு கட்டத் தோன்றும்.

கோளாறு கணக்கில். தங்கத்தில் 79 புரோட்டான்கள். அதன் மையத்தை நெருங்கும் எலக்ட்ரானுக்கு இழுப்பிலேயே 24 மெகா எலக்ட்ரான் வோல்ட்போலக் கூடிவிடும்; கையில் இருந்ததில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு! அலை எப்படிக் கலையாமல் இருக்கும்? மின்விசையின் வலிமையைச் சொல்லும் எண் ஏறத்தாழ 1/137. 79-ஐ 137-ஆல் வகுத்தால் 0.58, இது ஒன்றைவிட மிகச் சிறியதாக இருந்தால்தான் இந்தத் தோராயம் செல்லும். ஆற்றலைக் கூட்டினாலும் பயனில்லை. அந்த எண் ஆற்றலை அல்ல, வேகத்தைப் பொறுத்தது, எலக்ட்ரானோ ஏற்கெனவே ஒளிவேகத்தை ஒட்டித்தான் ஓடுகிறது.

1954-இல் யென்னி, ரேவன்ஹால், வில்சன் மூவரும் டிராக் சமன்பாட்டை, அதாவது சார்பியலையும் சேர்த்த எலக்ட்ரான் சமன்பாட்டை, அலை அலையாகப் பிரித்துத் தீர்த்தார்கள். கணக்கிலும் பள்ளங்கள் தூர்ந்தன. விளிம்பும் திரும்ப வந்தது, ஆனால் கூராக அல்ல; அடர்த்தி படிப்படியாகக் குறையும், சுமார் 2.4 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி என்பது மீட்டரில் 10⁻¹⁵ பங்கு) தடிமனுள்ள தோலோடு.

அப்போ கார்பனுக்கு? அங்கே 6-ஐ 137-ஆல் வகுத்தால் 0.04தான், பெரும்பாலான கோணங்களில் தாராளமாகப் பயன்படுத்தலாம். பள்ளத்தின் அடியில் மட்டும் வேண்டாம். அங்கே போர்ன் சொல்லும் விடை பூஜ்யம். நாம் ஒதுக்கிவிட்ட அந்தச் சின்னத் திருத்தம்தான் அளவீட்டில் தெரிவது.