துணி துவைக்கும் கல்லும் ஹோம் தியேட்டரும்

நேயர்களே, வணக்கம். டிவியில் பட்டிமன்றம் பார்க்கிறீர்கள். நடுவர் வாயை மூடிவிட்டார், கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. அவர் சொன்ன வேடிக்கையின் கடைசிச் சொல் இப்போதுதான் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. கால் வினாடித் தாமதம்தான். ஆனாலும் எரிச்சல் தாங்காது. எழுந்து போய் டிவியைத் தட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. தட்டாதீர்கள், அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இது எனக்கு ஐம்பது வருடப் பழக்கம். டிவி பழுதுபார்க்க வருவதற்கு முன்னால் ஒரு சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டருக்கு உதவியாளாக இருந்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் என்னால் இந்த விஷயத்துக்குள் போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

35 மில்லிமீட்டர் பிலிமில் படமும் அதற்குரிய சத்தமும் ஒரே இடத்தில் இருக்காது. சத்தம் சுமார் 20 பிரேம், அதாவது 20 தனிப்படக் கட்டம், முன்னால் தள்ளிப் பதிவாகியிருக்கும். பிலிம் முதலில் விளக்கின் முன்னால் நின்று நின்று போகும், பிறகு கீழே இறங்கி, சத்தத்தைப் படிக்கும் இடத்தில் ஒரே சீராக ஓடும். இரண்டுக்கும் நடுவில் பிலிமைக் கொஞ்சம் தொய்வாக விட வேண்டும். அதற்கு லூப் என்று பெயர். அந்தத் தொய்வை ஒருநாள் நான் இரண்டு பிரேம் அதிகமாக விட்டுவிட்டேன். வினாடிக்கு 24 பிரேம் என்பதால் இரண்டு பிரேம் என்றால் 83 மில்லி வினாடி. அதாவது ஒரு வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆபரேட்டர் அண்ணாச்சி வெளியே டீ குடித்துவிட்டு வந்தவர், சின்ன ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்த உடனே, "தம்பி, லூப் பெரிதாகிவிட்டது" என்றார். "எப்படித் தெரிந்தது?" என்றேன். "கதவு சாத்துவதைப் பார். பேச்சைப் பார்க்காதே" என்றார்.

பிறகுதான் அவர் தாமிரபரணியைச் சொன்னார். எதிர்க்கரையில் ஒருவர் துணி துவைக்கிறார். துணி கல்லில் விழுவது தெரிகிறது, சத்தம் இல்லை. அவர் கையை மறுபடி ஓங்கும்போதுதான் 'பட்' என்று கேட்கிறது. சத்தம் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று மில்லி வினாடி எடுக்கும். நூறு மீட்டர் அகல ஆறு என்றால் 300 மில்லி வினாடி. இடியும் அப்படித்தான், மின்னலுக்குப் பிறகே வரும். பிறந்தது முதல் நம் காது இதற்குப் பழகியிருக்கிறது. அதனால் சத்தம் கொஞ்சம் பிந்தினால் மன்னித்துவிடும், முந்தினால் மன்னிக்காது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் தந்த பரிந்துரையும் இதையே சொல்கிறது: சத்தம் 45 மில்லி வினாடி முந்தினாலே மனிதர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தும்போது சுமார் 125 வரை கண்டுபிடிக்கமாட்டார். அப்படியானால் உங்கள் வீட்டில் சத்தம் பிந்துவது உங்களுக்கே தெரிகிறது என்றால், அது நன்றாகவே பிந்துகிறது.

இப்போது வீட்டுக்கு வருவோம். டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து ஐந்தாறு ஸ்பீக்கருக்கு வயர் போகும். அதுதான் ரிசீவர். இன்றைய டிவி படத்தை வாங்கிய உடனே காட்டுவதில்லை. மெருகேற்றி, அசைவை வழவழப்பாக்கி, பிறகுதான் காட்டுகிறது. அதற்குள் சத்தம் முந்திவிடும். ஆகவே ரிசீவரில் 'ஆடியோ டிலே' அல்லது 'லிப் சிங்க்' என்று ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அது சத்தத்தைப் பிடித்து வைக்கும். பிடித்து வைக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். இன்னும் வந்து சேராத சத்தத்தை அது எப்படி முன்கூட்டித் தரும்? இதை நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: பிந்துவது படமா, சத்தமா என்று முதலில் பாருங்கள். பேச்சைப் பார்க்க வேண்டாம், கதவு சாத்துவதையோ மட்டை பந்தில் படுவதையோ பாருங்கள்.

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் இதே குறை. புது டிவி மோசம் என்று கடைக்காரரிடம் இரண்டு முறை சண்டை போட்டுவிட்டார். நான் போய் ரிசீவரைத் திறந்து... அட, பெட்டியை அல்ல, திரையில் அதன் மெனுவைத் திறந்து பார்த்தேன். ஆடியோ டிலே 150 மில்லி வினாடி என்று இருந்தது. பழைய டிவி மந்தமானது, அதற்காக யாரோ சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்குப் புது டிவி வந்தது, அது வேகமானது. போதாக்குறைக்குப் பேரன் விளையாடுவதற்காக 'கேம் மோட்' போட்டிருந்தான். அதில் டிவி மெருகேற்றும் வேலையை விட்டுவிடும், படம் இன்னும் முந்தும். படம் முந்தினால் சத்தம் பிந்தியதுபோல்தானே தெரியும்? 150ஐப் பூஜ்ஜியம் ஆக்கினேன். முக்கால்வாசிக் குறை அங்கேயே தீர்ந்தது. "கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா சார்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மீதிக் கால்வாசி டிவிக்குள் இருக்கும் ஆப்களில் மட்டும் வந்தது. ஆப்பின் சத்தத்தை டிவி பிரித்து, மறுபடி டால்பி என்ற சுருக்க வடிவில் கட்டி ரிசீவருக்கு அனுப்புகிறது, ரிசீவர் அந்தக் கட்டை மறுபடி பிரிக்கிறது. இரண்டு இடத்திலும் நேரம் போகிறது. டிவியில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்ற இடத்தில் 'பிசிஎம்', அதாவது கட்டாத சத்தம், என்று மாற்றினால் பெரும்பாலும் குறையும். ஆனால் டிவியின் சத்தம் எச்டிஎம்ஐ வயர் வழியாகவே ரிசீவருக்குத் திரும்பிப் போகும் பழைய ஏஆர்சி இணைப்பில் பிசிஎம் வைத்தால் இரண்டு சேனல்தான் வரும், பின்பக்க ஸ்பீக்கர்களுக்கென்று தனிச் சத்தம் வராது. அதை இழக்க மனமில்லையென்றால் சத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பும் 'பாஸ் த்ரூ' இருக்கிறதா பாருங்கள். செட் டாப் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் அதை நேராக ரிசீவரில் செருகி, ரிசீவரிலிருந்து டிவிக்குக் கொண்டுபோவதே உத்தமம். புதிதாக வாங்குபவர்கள் டிவி, ரிசீவர் இரண்டிலும் ஏஆர்சியின் புது வடிவமான ஈஏஆர்சி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். 2017இல் வந்த அந்த இணைப்பில், படத்தையும் சத்தத்தையும் பொருத்தும் ஏற்பாடு கட்டாயம்.

ஒரே ஒரு சேனலில் மட்டும் குறை என்றால் உங்கள் வீட்டில் எதையும் தொடாதீர்கள், தவறு அனுப்புகிற இடத்தில். போகப் போகக் கூடிக்கொண்டே வந்தால் ஆப்பை நிறுத்தி மறுபடி போடுங்கள், அது ரிசீவரில் சரியாகாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தான். ஸ்பீக்கர் தூரத்தை மீட்டரில் அளந்து மெனுவில் போடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வந்தேன், லூப்பிலேயே நேரம் போய்விட்டது. இரண்டு விஷயம் மட்டும். புளூடூத் ஸ்பீக்கரில் தாமதம் இயல்பு, படம் பார்க்க வயர் போடுங்கள். சத்தம் இரட்டையாக எதிரொலித்தால் டிவியின் சொந்த ஸ்பீக்கரும் ஓடுகிறது என்று பொருள், அதை அணைத்துவிடுங்கள். ஒரு விரல்தான் தெரிகிறது இப்போது. வணக்கம்.