பீட்டில்ஸை முதல் இடத்துல இருந்து இறக்கினது ஸ்டோன்ஸ் இல்லை!

வணக்கம் மக்களே! அறுபதுகள்ல பிரிட்டிஷ் பேண்டுகளுக்குள்ள போட்டின்னாலே எல்லாரும் "பீட்டில்ஸா, ரோலிங் ஸ்டோன்ஸா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. ஆனா அவங்க ரெண்டு குரூப்பும் கூட்டாளிங்க. 1963-ல பீட்டில்ஸோட லெனனும் மெக்கார்ட்னியும் ஸ்டோன்ஸோட ஒத்திகைக்கே போய், பாதியில நின்ன ஒரு பாட்டை அங்கேயே முடிச்சுக் கொடுத்தாங்க. எதிரிக்கு யாராவது பாட்டு எழுதிக் கொடுப்பாங்களா, சொல்லுங்க?

நான் பேச வந்தது டேவ் கிளார்க் ஃபைவ்ங்கிற பேண்டு பத்தி. வட லண்டன், டாட்டன்ஹாம் பசங்க. 1963 டிசம்பர்ல பீட்டில்ஸோட 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பிரிட்டிஷ் பாட்டு வரிசையில நம்பர் ஒன்ல போய் உட்கார்ந்துச்சு. அஞ்சு வாரம் அசையவே இல்ல. 1964 ஜனவரியில அதை இறக்கிவிட்டது இவங்களோட 'கிளாட் ஆல் ஓவர்'. லண்டன் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்! பீட்டில்ஸ் கதை முடிஞ்சுது, இனிமே டாட்டன்ஹாம் சவுண்டுதான்னு எழுதித் தள்ளுனாங்க. ரெண்டே வாரம்தான். அப்புறம் அந்த இடத்துக்கு வந்தது சர்ச்சர்ஸ்ங்கிற பேண்டு. பீட்டில்ஸ் மாதிரியே அவங்களும் லிவர்பூல்!

'கிளாட் ஆல் ஓவர்' பாட்டை ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்க. பல்லவியில பாடகர் மைக் ஸ்மித் கொஞ்சம் பாடிட்டு டக்குன்னு நிறுத்துவாரு. அந்த இடைவெளியில டிரம்ஸ் ரெண்டு அடி, தம் தம்! அப்புறம்தான் மீதி வரி வரும். அடியில டெனிஸ் பேட்டனோட சாக்ஸஃபோன் உறுமிக்கிட்டே இருக்கும். பீட்டில்ஸ்கிட்ட அந்த முரட்டுத்தனம் வேற மாதிரி, இது தரையை மிதிச்சு ஆட வைக்கிற சத்தம். இன்னைக்கும் கிரிஸ்டல் பேலஸ் ஃபுட்பால் ரசிகர்கள் மைதானத்துல அந்தப் பாட்டைப் பாடுறாங்க.

அமெரிக்காவிலயும் விடல. பிப்ரவரியில எட் சல்லிவன் ஷோங்கிற டிவி நிகழ்ச்சிக்கு பீட்டில்ஸ் வந்தாங்க, மார்ச்ல இவங்க. மொத்தம் 18 தடவை அந்த மேடையில ஏறியிருக்காங்க!

எனக்கு டேவ் கிளார்க் மேல பெரிய மரியாதை வந்தது வேற ஒரு விஷயத்துல. அவர் டிரம்மர் மட்டும் இல்ல, மேனேஜரும் அவரேதான். ரெக்கார்டிங் உரிமையை கம்பெனிக்கு எழுதிக் கொடுக்காம தன் கையிலயே வெச்சுக்கிட்டாரு. அந்தக் காலத்துல யாருங்க அப்படி யோசிச்சா? பீட்டில்ஸ் பாட்டுகளோட பதிப்புரிமையே 1969-ல கைமாறிப் போச்சு! ஆனா இதுல ஒரு இழப்பும் இருக்கு. உரிமையை இறுக்கிப் பிடிச்சதால பல வருஷம் இவங்க ரெக்கார்டு கடையிலயே கிடைக்கல. ஒரு தலைமுறைக்கு இவங்க பேரே தெரியாமப் போச்சு. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2008 மார்ச்ல இவங்களை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க. மைக் ஸ்மித் அதுக்கு 11 நாள் முன்னாடிதான் இறந்துபோனாரு. அந்தக் கௌரவம் அவர் இருக்கும்போதே வந்திருக்கணும்ங்க.

அவர் குரலுக்காகவே 'பிகாஸ்' கேளுங்க, அதுவும் 1964 பாட்டுதான். கேட்டுட்டு, பீட்டில்ஸ் ரசிகர்கள் கமென்ட்ல சண்டைக்கு வாங்க. ஒவ்வொருத்தருக்கும் பதில் போடுறேன்.