வெட்டும் இடத்தைக் காது சொல்லும்

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இப்போது ஏராளம். பாடசாலை ஊடகக் கழகம், பல்கலைக்கழகம், விடுமுறையில் ஒன்றுகூடும் நண்பர்கள் என்று யாரைப் பார்த்தாலும் கையில் ஒரு கதை இருக்கிறது. படம் பிடிப்பதில் அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க அதிகமில்லை, கைபேசியிலேயே அழகாக எடுக்கிறார்கள். எடிட்டிங்குக்கு உட்காரும்போதுதான் கவலை வருகிறது. நிறத்தைச் சரிசெய்ய இரவிரவாக விழித்திருப்பவர்கள், ஒலியைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டு, அதன் மேல் ஒரு இசையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒலியைப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள், முதல் வெட்டிலேயே படத்தோடு சேர்த்துத் தொகுங்கள். இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஒரு காட்சியை வைத்தே பேசுவோம். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஒரு மாடி வீடு. அம்மா தேத்தண்ணி ஊற்றுகிறார். மகன், “விசா வந்திட்டுது அம்மா” என்கிறான். கொஞ்சம் பொறுத்து அம்மா, “எப்ப போகோணும்?” என்று கேட்கிறார். அம்மாவை ஒரு ஷாட், மகனை ஒரு ஷாட் எடுத்திருக்கிறார்கள்.

முதல் முறை தொகுப்பவர்கள், பேசுபவரையே காட்டுவார்கள். மகன் பேசினால் மகன், அம்மா பேசினால் அம்மா. பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் காட்சி செத்துக் கிடக்கும். இங்கே நமக்கு வேண்டியது கேட்பவரின் முகம். அதனால் எடிட்டிங் மென்பொருளில் படத்தையும் ஒலியையும் இணைத்திருக்கும் பூட்டைக் கழற்றிவிட்டு, படத்தின் ஓரத்தை மட்டும் இழுங்கள். ‘விசா’ என்ற சொல் மகனின் முகத்தில் தொடங்கட்டும். வசனம் முடியுமுன்பே அம்மாவின் கைக்கு வந்துவிடுங்கள். குரல் ஓடிக்கொண்டிருக்க, கேத்தலைப் பிடித்த கை அந்தரத்தில் நிற்கிறது. அப்புறம் அம்மாவின் கேள்வியை மகனின் முகத்தின் மேல் கேட்கவிடுங்கள். அவன் தலை குனிவதைப் பார்த்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்போம். நகர்த்தியது பன்னிரண்டு ஃபிரேம், அதாவது பன்னிரண்டு தனிப்படங்கள், இருக்குமா? நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அரை நொடிகூட இல்லை. அதற்குள் காட்சி மூச்சுவிடத் தொடங்கிவிடும்.

இந்த வீட்டுக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு, கடலோர ரயில். அம்மாவின் ஷாட்டில் ரயில் போகிறது, மகனின் ஷாட்டில் இல்லை. ஒட்டிப் பார்த்தால் பாதி வழியில் ரயில் காணாமல் போய்விடும், திரும்ப அம்மாவிடம் வந்தால் மறுபடி முளைக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று உள்ளே தெரியும். வசனத்தோடு கலந்த ரயிலைப் பிரித்தெடுப்பது லேசில்லை. இரைச்சல் நீக்கும் வசதியை அளவுக்கு மீறிப் போட்டால் அது குரலின் உயிரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். எனவே படப்பிடிப்பிலேயே ரயில் போய் முடியும் வரை பொறுத்திருந்து எடுங்கள். அதே ஜன்னலிலிருந்து வேறொரு ரயிலைத் தனியாகப் பதிந்தும் வையுங்கள். பிறகு அதை இரண்டு ஷாட்டுக்கும் அடியில் ஒரே நீளமாக விரித்து, மெல்ல ஏற்றி, மெல்ல இறக்குங்கள். அது உச்சத்துக்கு வரும் இடத்தை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். அம்மா பதில் சொல்லாமல் நிற்கும் அந்த இடைவெளியில் வைத்துப் பாருங்கள். தொல்லையாக இருந்த ரயில் கதைக்குள் வந்துவிடும்.

இடைவெளி என்றதும் இன்னொன்று. ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒலியை முழுதாக வெட்டி எறியாதீர்கள். வானொலி கேட்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, ஒலிபரப்பு சில நொடி அடியோடு நின்றால் பெட்டி பழுதோ என்று கை தானாகப் போகும். படத்திலும் அப்படித்தான். எந்த அறையும் முற்றிலும் மௌனமாக இருப்பதில்லை. ஃபேன், குளிர்சாதனப் பெட்டி, காலி வீதியின் ஹோர்ன், கூரையில் காகம் எல்லாம் சேர்ந்துதான் அந்த அறை. அதனால் ஒவ்வோர் இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரும் ஆடாமல் அசையாமல் நின்று, அறையின் சத்தத்தை மட்டும் முப்பது நொடியாவது பதியுங்கள். சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது, பிறகு பதியலாம் என்று யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வசனங்களின் இடைவெளியை நிரப்பப்போவது அந்த முப்பது நொடிதான்.

ஊரைக் காட்டவும் ஒலி போதும். கோபுரத்தையும் கடற்கரையையும் ட்ரோனில் எடுக்க ஓடவேண்டாம். பீத்தோவன் மெட்டோடு பாண் ஆட்டோ ஒழுங்கைக்குள் நுழையும் சத்தத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டால் அது கொழும்பு. பார்ப்பவர் மீதியைத் தானே கட்டிக்கொள்வார்.

கணக்குகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் டியூப் லைட் சிமிட்டுவது பெரும்பாலும் அடங்கும். கைபேசி பல வேளை ஃபிரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதியும். வேறு கருவியில் பதிந்த குரலோடு சேர்த்தால் நீண்ட ஷாட்டில் உதடும் குரலும் மெல்ல விலகிப் போகும். தொகுக்குமுன் சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். படத்தையும் குரலையும் பொருத்த உதவும் கிளாப் பலகை இல்லையென்றால் கமராவுக்கு முன்னால் ஒரு கைதட்டு. ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். உச்ச எல்லையான பூச்சியத்தில் முட்டி உடைந்த குரலை ஒழுங்காக மீட்க முடியாது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே படம், நிறம், ஒலி மூன்றையும் செய்யலாம்.

நம் ஊரில் தமிழ்ப் படத்தைச் சிங்கள நண்பர்களும் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். சப்டைட்டிலை வாசித்து முடித்து முகத்துக்கு வர அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சப்டைட்டிலோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அவசரமாக வெட்டிய இடங்களைத் தளர்த்துங்கள்.

இசையை எல்லாவற்றுக்கும் பிறகு சேருங்கள். அதற்கு முன்னால், படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை, அம்மம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, கூப்பிட்டுத் திரையைத் திருப்பிவைத்து ஒலியை மட்டும் போட்டுக்காட்டுங்கள். எங்கே யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து வேலையைத் தொடருங்கள்.

நன்றி, வணக்கம்.