பிரிண்டர் நின்ற வெள்ளிக்கிழமை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆபீசில் காலையில் வந்து பார்த்தால் பிரிண்டர் ஓடவில்லை என்பது ஒரு செய்தியே இல்லை. தாள் சிக்கியிருக்கும், மை தீர்ந்திருக்கும், சில நாள் காரணமே தெரியாது. "சர்வீஸ் ஆளுக்கு ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். 2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை காலை, டாக்காவில் வங்கதேச மத்திய வங்கியின் பத்தாவது மாடியிலும் இதேதான் நடந்தது. பிரிண்டர் நின்றிருந்தது. இது அடிக்கடி வருகிற கோளாறுதானே என்று விட்டுவிட்டார்கள்.

அது சாதாரண பிரிண்டர் இல்லை. வெளிநாட்டு வங்கிகளோடு பேசுகிற ஸ்விஃப்ட் அமைப்போடு இணைத்திருந்த பிரிண்டர். எந்தப் பணப் பரிமாற்றம் நடந்தாலும் அதன் விவரம் தானாக அச்சாகித் தட்டில் விழும். முந்தின நாள் இரவு யாரோ இணையம் வழியாக அந்த அமைப்புக்குள் புகுந்து, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வங்கதேசம் வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் போட்டிருந்தார்கள். மொத்தத் தொகை ஏறக்குறைய 95 கோடி டாலர். காகிதம் விழுந்தால் குட்டு உடைந்துவிடும், அதனால் பிரிண்டரின் வாயைக் கட்டிவிட்டார்கள்.

ஒருங்கிணைந்த பாதுகாப்பு என்று கருத்தரங்குகளில் பேசுவார்கள். கேட்டதும் கொட்டாவி வருகிற சொல். அதற்கு நான் சொல்லும் பொருள் இந்தப் பிரிண்டர்தான். பிரிண்டரைப் பார்ப்பவர் ஒருவர், பணத்தைப் பார்ப்பவர் வேறொருவர், கம்ப்யூட்டரைப் பார்ப்பவர் மூன்றாமவர். மூவரும் நல்லவர்கள், வேலை தெரிந்தவர்கள். ஆனால் பிரிண்டர் நின்றது பணத்தைப் பற்றிய செய்தி என்று தெரிந்துகொள்ள, மூவரும் ஒரு தடவை பேசியிருக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போவோம். திருட்டு அந்த வியாழக்கிழமை தொடங்கியதல்ல. 2015 ஜனவரியிலேயே வங்கி ஊழியர்கள் சிலருக்கு மெயில் வந்தது. வேலை தேடும் இளைஞர் ஒருவர் மிகப் பணிவாகத் தன் பயோடேட்டாவைப் பார்க்கும்படி கேட்டிருந்தார். அப்படி ஒரு இளைஞரே கிடையாது. இணைப்பைத் திறந்தால் கிருமி இறங்கும். அதே ஆண்டு மே மாதம் மணிலாவில், ஜூபிடர் தெருவிலிருந்த ஒரு வங்கிக் கிளையில், போலி ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி ஆளுக்கு 500 டாலர் போட்டுக் கணக்குகள் திறந்தார்கள். அடுத்த ஒன்பது மாதம் அந்தக் கணக்குகளில் ஒரு அசைவும் இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இனி நாள் குறித்த விதத்தைக் கவனியுங்கள், நேயர்களே. இந்த இடத்தைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்வேன், ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கதேசத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் இரவு டாக்காவில் ஆபீஸ் மூடியாயிற்று, நியூயார்க்கில் அப்போதுதான் காலை. அங்கே உத்தரவைப் பார்த்து வேலையைத் தொடங்குகிறார்கள். சனிக்கிழமை டாக்காவில் ஏதோ தப்பு என்று உறைக்கும்போது நியூயார்க்கில் விடுமுறை. மெயில் அனுப்பினாலும், போன் செய்தாலும் எடுக்க ஆளில்லை. ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை நியூயார்க் விழித்தால், அன்றைக்கு மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று ஊர் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் போட்ட திட்டம் இது. கம்ப்யூட்டர் திருட்டு என்கிறோம், பாதி வேலையைச் சுவரில் மாட்டுகிற காலண்டர் செய்திருக்கிறது!

செவ்வாய்க்கிழமை மணிலாவில் கிளை திறந்தது. பணத்தை நிறுத்தச் சொன்ன செய்தி வந்து கிடந்தது. அப்படியும் அன்றைக்கே பணத்தில் பெரும்பகுதி கணக்குகளை விட்டு வெளியேறியது. மொத்தம் போனது 8 கோடியே 10 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் போய்க் கரைந்தது. பிலிப்பைன்ஸின் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் அப்போது சூதாட்ட விடுதிகளைத் தொடவில்லை. 2017இல்தான் சட்டத்தைத் திருத்தி அவற்றையும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

மீதிப் பணம் எப்படித் தப்பியது? ஒன்று எழுத்துப் பிழை. 2 கோடி டாலர் இலங்கையில் ஒரு தொண்டு அமைப்பின் பேருக்குப் போயிற்று. 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபான்டேஷன்' என்று அடித்திருந்தார்கள். வழியிலிருந்த வங்கியில் ஒருவர் கண்ணில் அது உறுத்தியது, விசாரித்தார், பணம் நின்றது. இன்னொன்று மணிலாக் கிளை இருந்த அந்தத் தெருவின் பெயர். அமெரிக்கத் தடைப் பட்டியலில் 'ஜூபிடர்' என்ற பெயரில் ஈரானியக் கப்பல் ஒன்று இருந்ததால், தெருப் பெயரைக் கண்டு கம்ப்யூட்டர் உத்தரவுகளைத் தனியே எடுத்து வைத்தது. பெரிய தொகையைக் காப்பாற்றியது ஒரு எழுத்தும் ஒரு தெருவும். வங்கியின் கவர்னர் மார்ச் மாதம் பதவி விலகினார்.

சரி, இது மத்திய வங்கியின் கதை, நம்முடையது 60 பேர் வேலை செய்கிற பனியன் கம்பெனி, ஒரு அரிசி ஆலை, ஒரு சின்ன ஆஸ்பத்திரி, நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம்மிடமும் இந்த மூன்று பேர் இருக்கிறார்கள். கேட்டில் வாட்ச்மேன், உள்ளே கணக்குப் பிள்ளை, வாரம் ஒரு தடவை வந்து சிஸ்டம் பார்க்கிற தம்பி. வாட்ச்மேன் பார்த்தது கணக்கருக்குத் தெரியாது. கணக்கருக்கு வந்த விசித்திர மெயில் தம்பிக்குத் தெரியாது.

செலவில்லாத ஒரு வேலை சொல்கிறேன். கேட்டில் ஒரு நோட்டு போடுங்கள். வருகைப் பதிவேடு வேண்டாம், அது வேறு. வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும், யாராக இருந்தாலும், இதில் ஒரு வரி எழுத வேண்டும். "இன்டர்நெட்காரன் என்று ஒருவர் வந்தார், யாரும் கூப்பிடவில்லை." "பிரிண்டர் இரண்டு தடவை தானாக நின்றது." "பேங்கிலிருந்து என்று போன், ஓடிபி கேட்டார்கள்." சனிக்கிழமை இருபது நிமிஷம் மூன்று பேரும் முதலாளியும் நின்றுகொண்டே அதைப் படித்தால் போதும். இன்டர்நெட்காரன் வந்த மறுநாளே ஓடிபி போன் வந்தது என்று அப்போதுதான் கண்ணில் படும். இது எங்கே கெட்டுப்போகும் தெரியுமா? எழுதினவரைத் திட்டினால். "இதை ஏன் அன்றைக்கே சொல்லல" என்று ஒரு தடவை சத்தம் போட்டுப் பாருங்கள், அடுத்த வாரம் நோட்டு காலியாக இருக்கும்.

அந்த நோட்டோடு இன்னொன்றும் வேண்டும். கடிகாரம். கேமரா படத்தைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டியில் மணி பதினொன்று, கேட் நோட்டில் பத்தே முக்கால், கம்ப்யூட்டரில் வேறொரு நேரம். ஏதாவது நடந்தால் யார் எப்போது வந்தார் என்பதை எந்தப் போலீசும் கோக்க முடியாது. மாதம் முதல் தேதி மூன்றையும் செல்போன் நேரத்தோடு ஒத்துப் பாருங்கள். டிவிஆரின் பாஸ்வேர்டு பெட்டியில் வந்த 'அட்மின்' ஆகவே இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பதிவு எத்தனை நாள் தங்குகிறது என்பதும் முக்கியம். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும். பதினைந்து நாளில் அழிகிற கேமராவை வைத்துக்கொண்டு, இருபதாம் நாள் ஸ்டாக் எடுத்துக் குறைகிறது என்றால் பார்க்க ஒன்றும் இருக்காது. நம் நாட்டில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவும் இதையே கேட்கிறது. கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும், கம்ப்யூட்டர் அமைப்புகளின் பதிவுகள் 180 நாள் இருக்க வேண்டும், அந்த உத்தரவு பட்டியலிடும் இணையத் தாக்குதல் நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்.

இப்போது பணம். வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்குகிறவர்கள், நூல் வாங்குகிறவர்கள் கவனமாகக் கேளுங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மெயில் வரும். பழைய மெயிலின் தொடர்ச்சியாகவே வரும், லோகோ சரியாக இருக்கும், பில் நம்பரும் சரியாக இருக்கும். முகவரியில் ஒரு எழுத்து மாறியிருக்கும். ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'ஆர்' பக்கத்தில் 'என்' போட்டால் பார்க்க 'எம்' மாதிரி இருக்கும், அது போதும். செய்ய வேண்டியது ஒன்றுதான். கணக்கு மாறினால், உங்கள் பழைய பில்லில் இருக்கிற நம்பருக்கு நீங்களே போன் செய்யுங்கள். அந்த மெயிலில் கொடுத்திருக்கிற நம்பருக்குச் செய்தால், எடுத்துப் பேசுபவன் திருடன்தான். போன் பேசியவர் ஒருவர், வங்கியில் பணத்தை விடுவிப்பவர் வேறொருவராக இருக்கட்டும். அவசரம் என்று எவ்வளவு நெருக்கினாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். நெருக்குகிறார்கள் என்பதையே நோட்டில் எழுதுங்கள்.

"குரல் தெரிந்ததுதானே, முகத்தையே பார்த்தேனே" என்பார்கள். 2024இல் ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் வீடியோ கூட்டத்தில் நிதித்துறைத் தலைவரையும் சக ஊழியர்களையும் பார்த்தார், பேசினார், 15 தடவையாக ஏறக்குறைய 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். திரையில் இருந்த முகங்கள் எல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்த பொம்மைகள். முதலில் வந்த மெயிலை அவர் சந்தேகப்பட்டிருக்கிறார், பாருங்கள். முகத்தைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. இனி முகம் சாட்சி ஆகாது. தெரிந்த நம்பருக்கு நாமே திரும்பக் கூப்பிடுவதுதான் சாட்சி. இதை இரண்டு தடவை சொல்லிவிட்டேன், மூன்றாம் தடவையும் சொல்லலாம்.

மறுபடியும் காலண்டருக்கு வருகிறேன். பொங்கலுக்கு நாலு நாள் லீவு. கணக்கர் சொந்த ஊரில், முதலாளி குலதெய்வம் கோயிலில், கேட்டில் ஒரே ஒருவர். திருடன் நாள் குறிக்க வேறென்ன வேண்டும்? போகிக்கு முந்தின மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நெட் பேங்கிங்கில் அன்றாட வரம்பைக் குறைத்துவிடுங்கள், திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளலாம். நாலு நாளில் யார் போன் எப்போதும் எடுக்கும் என்று ஒரு பேர், அவர் எடுக்காவிட்டால் இன்னொரு பேர். வங்கியின் அவசர எண்ணையும், பணமோசடிக்கான 1930 என்ற எண்ணையும் காகிதத்தில் எழுதிக் கேட்டில் ஒட்டுங்கள். கம்ப்யூட்டரில் வைத்தால், கிருமி புகுந்து கம்ப்யூட்டர் பூட்டப்பட்ட நாளில் அதைப் படிக்க முடியாது. 1930க்கு முதல் சில மணி நேரத்திலேயே சொல்ல வேண்டும், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள்.

கம்ப்யூட்டர் பூட்டப்பட்ட நாள் என்றேன். 2017 ஜூன் 27 அன்று மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்துக்கு அது நேர்ந்தது. உக்ரைனில் பலரும் பயன்படுத்துகிற ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிருமி வந்தது. மும்பைக்கு எதிரே நவசேவா துறைமுகத்தில் அவர்களுடைய முனையத்திலும் வேலை நின்றது. 45 ஆயிரம் கம்ப்யூட்டர்களைப் பத்து நாளில் புதிதாக நிறுவினார்கள். எல்லோருடைய லாகின் விவரமும் இருக்கிற சர்வர்களில் ஒன்றுகூட உலகத்தில் மிஞ்சவில்லை, கானாவில் ஒன்றைத் தவிர. அன்றைக்கு அந்த ஊரில் கரண்ட் கட்! இணைப்பு அறுந்து கிடந்ததால் அது பிழைத்தது.

நமக்கு கரண்ட் கட்டை நம்ப வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். திங்கட்கிழமை ஒன்றில் பேக்கப், அதாவது நகல், எடுங்கள், வியாழக்கிழமை மற்றொன்றில். பேக்கப் முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும், ஒன்று வீட்டுக்குப் போக வேண்டும். சொருகியபடியே விட்டால் கிருமி அதையும் சேர்த்துப் பூட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, போன வாரத்து பில் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது கணக்கு மென்பொருளான டேலி இருக்கும் ஃபோல்டர் மாறியிருக்கும், பேக்கப் பழைய ஃபோல்டரையே விசுவாசமாக நகல் எடுத்துக்கொண்டிருக்கும். திறந்து பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

வேலையை விட்டுப் போகிறவர்களிடம் சாவியை மட்டும் வாங்கினால் போதாது. மெயில், டேலி யூசர், வைஃபை பாஸ்வேர்டு, அவர் செல்போனில் இருக்கும் கேமரா ஆப், இவையெல்லாம் வெவ்வேறு ஆள் கையில் இருக்கும். எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும், கணக்கு முடிக்கும் முன்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷம்தான். வெள்ளத்தைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர்கள் பதின்மூன்றாம் மாடியில் பத்திரமாக இருந்தன. டீசலை மேலே ஏற்றுகிற பம்ப் அடித்தளத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்து பம்ப் நின்றது. ஆட்கள் மாடிப்படியில் வரிசையாக நின்று டீசலைக் கையால் ஏற்றினார்கள், கடைசியில் நோயாளிகளை எல்லாம் வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. உங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் எங்கே, டீசல் டேங்க் எங்கே, பம்ப் எங்கே, அந்தப் பம்புக்கு ஒயர் வருகிற பலகை எங்கே என்று நாலையும் நாளைக்கே நடந்து போய்ப் பாருங்கள். எலக்ட்ரீஷியனையும் வாட்ச்மேனையும் கூட அழைத்துப் போங்கள். தண்ணீர் எந்தப் பக்கமாக உள்ளே வரும் என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். வணக்கம்.