தவணையில் தோட்ட நிலம் வாங்கலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் நேயர் ஒருவரின் கேள்வியை இன்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். உடுமலைப்பேட்டைப் பக்கம் வாய்க்கால் பாசனமும் கிணறும் உள்ள செம்மண் தோட்டம் ஒன்றை 25 சென்ட் வீதம் பிரித்துத் தவணையில் தருகிறார்களாம். விலை 10 லட்சம். முன்பணம் 1 லட்சம் போக, மீதியை மாதம் 15,000 ரூபாயாக 60 மாதங்களில் கட்ட வேண்டும். வட்டி கிடையாது, கடைசித் தவணை கட்டியதும் கிரையம் செய்து தருவோம், தென்னங்கன்றும் நாங்களே நட்டுத் தருவோம் என்கிறார்கள். இதை வாங்கலாமா, துபாயில் வேலை பார்க்கும் தம்பியின் பெயரில் வாங்க முடியுமா என்று அவர் கேட்டிருக்கிறார்.

முதலில் "வட்டி கிடையாது" என்ற பேச்சைப் பார்ப்போம். 25 சென்ட் 10 லட்சம் என்றால் ஏக்கர் 40 லட்சம் ஆகிறது. அதே ஊரில் பக்கத்துத் தோட்டம் ஏக்கர் என்ன விலைக்குக் கைமாறியது என்பதை, விற்பவரிடமோ தரகரிடமோ கேட்காமல், அங்கே பண்ணையம் செய்யும் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். உதாரணத்துக்கு, ஏக்கர் 22 லட்சம்தான் என்று தெரியவந்தால், உங்கள் 25 சென்டின் ரொக்க விலை ஐந்தரை லட்சம். முன்பணம் போக நாலரை லட்சத்துக்கு நீங்கள் 9 லட்சம் கட்டுகிறீர்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது மாதம் இரண்டரை வட்டிக்கும் சற்று மேலே வருகிறது. கந்துவட்டிக்காரர்கூட வட்டி என்ன என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார். இங்கே அது விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

தென்னை வருமானத்திலேயே தவணை கட்டிவிடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 அடிக்கு ஒன்று என்ற இடைவெளியில் 25 சென்டில் 17 மரங்கள்தான் நிற்கும். நெட்டை ரகமாக இருந்தால் காய்ப்புக்கு வரவே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் உங்கள் தவணையே முடிந்துவிடும். நன்கு காய்க்கும் நிலையில் மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஆண்டுத் தவணையான 1,80,000 ரூபாயை எடுக்க ஒரு காய் 100 ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும்.

ஆனால் விலையைவிட எனக்குக் கவலை தருவது "கடைசியில் கிரையம்" என்ற நிபந்தனைதான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 54ஆம் பிரிவில், விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்காது என்று தெளிவாகக் கூறுகிறது. அதாவது 59 தவணைகளைக் கட்டிய பிறகும் பட்டாவும் தாய்ப்பத்திரமும் விற்பவரிடமே இருக்கும், உங்களிடம் ரசீதுகள் மட்டுமே இருக்கும். அந்த ஐந்தாண்டுகளில் அவர் இறந்துபோகலாம், அவருடைய வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கலாம், நிலத்தை வங்கியில் அடமானம் வைக்கலாம். விற்பவரே உரிமையாளராக இல்லாமல் பொது அதிகாரப் பத்திரம் மட்டும் வைத்திருப்பவராக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல், ஏனெனில் அதிகாரம் கொடுத்தவர் காலமானால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துபோகிறது. அதிகாரப் பத்திரத்தை வைத்தே சொத்தை விற்றதாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் கூறிவிட்டது.

ஆகவே வரிசையை மாற்றிப் பேசுங்கள் என்பதே என் ஆலோசனை: பத்திரம் முதலில், பாக்கி பிறகு. நிலத்தை இப்போதே உங்கள் பெயருக்குக் கிரையம் செய்துகொண்டு, பாக்கித் தொகைக்கு அதே நிலத்தை விற்பவருக்கே அடமானப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து கொடுக்கலாம். இதனால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை, உங்களுக்கு நிலம் உறுதியாகிறது. அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால், குறைந்தபட்சம் கிரைய ஒப்பந்தத்தையாவது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அது கட்டாயமும்கூட. பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் உங்கள் ஒப்பந்தம் தெரியும். இன்னொருவருக்குச் சத்தமில்லாமல் விற்பது கடினமாகிவிடும். ஒப்பந்தத்தில் கிரையம் முடிக்க வேண்டிய தேதியைத் தவறாமல் எழுதுங்கள், ஏனென்றால் அவர் ஏமாற்றினால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். தவணைகளை வங்கி வழியாகவே செலுத்துங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் முன்பணத்தை விற்பவர் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

அடுத்து தண்ணீர். அந்தப் பக்கத்து வாய்க்கால் பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டப் பாசனம். அதன் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஒரு மண்டலத்துக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறைதான் தண்ணீர் முறை வரும். இடைப்பட்ட காலத்துக்குக் கிணறுதான் கதி. தோட்டத்தில் ஒரே கிணறு இருக்கிறது, அதைப் பதினைந்து இருபது பேருக்குப் பிரித்து விற்கிறார்கள் என்றால், உங்கள் பத்திரத்தில் கிணற்றில் எத்தனை பாகம், மோட்டாரிலும் மின் இணைப்பிலும் எத்தனை பாகம், வாரத்தில் எந்த நாள் தண்ணீர் எடுக்கலாம், குழாய் யார் நிலத்தின் வழியாக வருகிறது என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். நடக்கவும் வண்டி போகவும் உள்ள பாதைப் பாத்தியம், அதன் அகலத்தோடு, நான்கு எல்லை விவரம் எழுதும் இடத்திலேயே வர வேண்டும். பழைய கொங்குப் பத்திரங்களில் "பொதுக் கிணற்றில் நாலில் ஒரு பாகமும், மாமூல் வண்டித்தடப் பாத்தியமும்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். இப்போது கணினியில் அச்சடிக்கும் மாதிரிப் பத்திரங்களில் காணாமல் போவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), தாய்ப்பத்திரத்தின் அசல் ஆகியவற்றைப் பார்ப்பது நீங்கள் அறிந்ததே. அத்துடன், அது பஞ்சமி நிலமாகவோ (பட்டியல் சாதியினருக்கென அரசு ஒதுக்கிய நிலம்) நிபந்தனையுடன் அரசு ஒப்படை செய்த நிலமாகவோ கோயில் நிலமாகவோ இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். தோட்டத்துக்குள் சாலை போட்டு, கல் நட்டு, மனை எண் எழுதியிருந்தால், அது அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவாகக் கருதப்பட்டு, பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி பதிவே மறுக்கப்படலாம்.

நிலத்தை நாங்களே பராமரித்து ஆண்டுதோறும் வருமானம் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால், அது நிலம் விற்பனை என்ற எல்லையைத் தாண்டிக் கூட்டு முதலீட்டுத் திட்டமாகிவிடும். அதற்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் பதிவு வேண்டும். விவசாய நிலத்தைத் தவணையில் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் சுமார் 5.85 கோடிப் பேரிடம் பணம் திரட்டிய பி.ஏ.சி.எல். நிறுவனம், 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று செபி 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 2016இல் நீதிபதி லோதா தலைமையில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி குழு அமைத்து, சொத்துகளை விற்றுப் பணத்தைத் திருப்பித் தரும் வேலை தொடங்கியது.

தம்பி விஷயம் சுருக்கமானது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. வாரிசுரிமையாக வருவதை வைத்துக்கொள்ளலாம். அவர் உதவ விரும்பினால், பணத்தை உங்களுக்கு அன்பளிப்பாக வங்கி வழியே அனுப்பட்டும். உடன்பிறந்தவர் தரும் அன்பளிப்புக்கு உங்களுக்கு வருமான வரி இல்லை. ஆனால் நிலம் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். "பெயர் உன்னுடையது, நிலம் என்னுடையது" என்ற வாய்மொழி ஏற்பாடு பினாமிச் சட்டத்தின் கீழ் வந்துவிடும் என்பதைத் தம்பியிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.