படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள்

(கொழும்பு வெள்ளவத்தையில் பேசியது. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். இலங்கையில் எடுத்த மிகப் பழைய புகைப்படங்களில் எங்கள் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்கள், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறார்கள், மூக்குத்தியும் அட்டியலும் போட்டுக்கொண்டு ஸ்டூடியோ திரைக்கு முன்னால் நிற்கிறார்கள். முகம் அவ்வளவு தெளிவு. பெயரைத் தேடினால் அநேகமாக ஒருவருக்கும் இல்லை. இன்றைக்கு எனக்குப் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. தாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் படம் பிடிக்கும் முறையைப் பாரிஸில் 1839 ஓகஸ்ட் 19ஆம் திகதி பகிரங்கமாக அறிவித்தார்கள். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம் விழும், அதற்குப் பிரதி கிடையாது. இங்கிலாந்தில் டால்பொட் என்பவர் கடதாசியில் நெகடிவ் எடுக்கும் முறைக்கு 1841இல் காப்புரிமை பெற்றார். ஒரு நெகடிவ் இருந்தால் எத்தனை பிரதியும் போடலாம் என்ற வழி அங்கேதான் திறந்தது. பதினொரு வருஷம் கழித்து, 1852இல், கல்கத்தாவில் இருந்த ஃபீபிக் என்ற படப்பிடிப்பாளர் இங்கே வந்து அதே மாதிரிக் கடதாசி நெகடிவில் படம் பிடித்தார், பிரதிகளுக்குக் கையாலே வர்ணமும் தீட்டினார். அவை இப்போது லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

அதற்கு முந்தின வருஷம், 1851இல், ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரத் தகட்டு முறையை வெளியிட்டிருந்தார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் பார்க்கிற பழைய இலங்கைப் படங்களில் பெரும்பகுதி இந்த முறையில் எடுத்தவை. ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அதன்மேல் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடும்படி சரித்துச் சரித்துப் பரவவிட வேண்டும். அப்புறம் இருட்டில் வைத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கமராவில் செருகி, படம் பிடித்து, ஈரம் காய்வதற்குள்ளேயே திரும்பவும் இருட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். காய்ந்தால் படம் போச்சு. கொலோடியனில் இருப்பது ஈதரும் அல்ககோலும், இரண்டும் ஆவியாகப் பறக்கிற சாமான். லண்டன் குளிரிலேயே பத்துப் பதினைந்து நிமிஷம்தான் கிடைக்கும் என்றால், பங்குனி வெயிலில் அநுராதபுரத்தில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே போகிற இடமெல்லாம் இருட்டறையும் கூடவே போக வேண்டும். கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துப் போத்தல்கள், நல்ல தண்ணீர், கனத்த மரக் கமரா, அதற்கு முக்காலி. ஜோசப் லோட்டன் 1870, 71இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா என்று தொல்பொருள் குழுவுக்காகப் படம் எடுத்தது இந்த மூட்டை முடிச்சோடுதான். உடம்பு கெட்டு ஊருக்குத் திரும்பி 1872இல் செத்தும் போனார். அவருடைய பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும், பெரிய வேலை அது. ஆனால் கண்ணாடி உடையாமல் அந்தப் பெட்டிகளைச் சுமந்து போனவர்களின் பெயர் படங்களோடு வந்து சேரவில்லை. அந்தக் காலத்துப் படங்களில் இடிந்த தூணுக்குப் பக்கத்தில் பல தடவை ஒரு ஆள் நிற்பார். தூண் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவருக்குத் தெரிவதற்காக நிறுத்திய ஆள். அளவுகோலுக்குப் பெயர் கேட்பார்களா?

கொழும்பில் 1860களில் ஸ்கீன் என்பவர் ஸ்டூடியோ தொடங்கினார், பிறகு கண்டியிலும் கொழும்பிலும் ஸ்கோவன், 1890இல் பிளாட்டே. கோப்பி, சிங்கோனா, தேயிலை, கட்டிக்கொண்டிருந்த துறைமுகம், காலிமுகம் எல்லாம் இவர்கள் எடுத்ததில் இருக்கிறது. கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் ஊருக்கு வாங்கிக்கொண்டு போக இவை விற்பனைக்கு இருந்தன, பின்னால் தபாலட்டையாகவும் வந்தன. அடியில் போட்ட தலைப்பு ‘தமிழ்ப் பெண்’, ‘தமிழ்க் கூலிகள்’, ‘கொழுந்து பறிப்பவள்’, அவ்வளவுதான். சேர் முத்துக்குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் போன்ற தமிழ்த் தலைவர்களுக்குப் படமும் கிடைத்தது, பெயரும் கிடைத்தது. தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்தவளுக்குப் படம் மட்டும் கிடைத்தது, அதுவும் அவள் கேட்டு எடுத்த படம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். அந்தத் தகடுகளுக்கு நீல ஒளிதான் உறைக்கும், சிவப்பு உறைக்காது. நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும், சிவப்புச் சேலை கறுப்பாக விழும், குங்குமப் பொட்டும் கறுப்பு, எங்கள் தோலின் நிறமும் இருந்ததைவிட இருண்டு விழும். ஆகவே பூட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு “அந்தக் காலத்தில் கறுப்புப் பொட்டா வைத்தார்கள்” என்று கேட்காதீர்கள். மருந்து செய்த வேலை அது.

ஜூலியா மார்கரெட் கமரனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இங்கிலாந்தில் பெரிய பெரிய ஆட்களைப் படம் எடுத்து உலகப் புகழ் பெற்றவர், 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879இல் மலைநாட்டில் இறந்து, பொகவந்தலாவையில் கணவரோடு ஒரே இடத்தில் அடக்கமாகியிருக்கிறார். இங்கே அவர் எடுத்ததில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதில் களுத்துறையில் 1878இல் எடுத்த ஒரு படத்தில் ஒரு கிழவரும் ஒரு பெண்பிள்ளையும் இருக்கிறார்கள். பெண்ணுக்கு வயது 12, கிழவர் தான் அவளுடைய தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்று கமரன் எழுதி வைத்தார். பாருங்கள், அந்தக் கிழவரிடம் வயது கேட்டிருக்கிறார்கள், உறவு கேட்டிருக்கிறார்கள், அவரும் பதில் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பெயரும் கிடைத்திருக்கும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

சரி, வெள்ளைக்காரர் எழுதவில்லை, நாங்கள் எழுதினோமா? எங்கள் வீட்டு அல்பங்களைத் திறந்து பாருங்கள். கலியாணம், சாமத்தியச் சடங்கு, பள்ளிக்கூடக் குறூப் போட்டோ, செத்த வீட்டில் பெட்டியைச் சுற்றி எல்லாரும் நின்று எடுத்த படம். இந்தச் செத்த வீட்டுப் படங்களைப் பயந்து கிழித்துப் போடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கலியாணத்துக்கு வராத சொந்தமும் செத்த வீட்டுக்கு வந்திருக்கும், கோபதாபம் பாராட்டாமல் ஒரே வரிசையில் நின்றிருக்கும். ஒரு குடும்பம் முழுதாக ஒரே படத்தில் கிடைப்பது பல தடவை அங்கேதான். அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கிற ‘கல்வெட்டு’ என்ற நினைவுப் புத்தகங்களும் அப்படித்தான். இறந்தவரின் படமும் வம்சமும் சேர்ந்து ஒரே புத்தகத்தில் இருக்கும், எங்கள் ஆட்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்ட ஆவணம் அது. ஆனால் பழைய கல்வெட்டுகளில் பெண்களின் பெயர் வருகிற இடத்தைப் பாருங்கள், ‘திருமதி’ என்று போட்டுக் கணவர் பெயர் இருக்கும். அவளுடைய சொந்தப் பெயர் என்ன என்று பேரப்பிள்ளைக்கே தெரியாது.

மிச்சம் இருப்பதே குறைவு. 58இலும் 77இலும் 83 ஜூலையிலும் கலவரங்களில் எங்கள் வீடுகள் எரிந்தபோது, இந்த வெள்ளவத்தைத் தெருக்கள் உட்பட, அல்பங்களும் எரிந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 95இல் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுக் கிளம்பினவர்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தார்கள், முடிந்தவர்கள் கலியாணப் படத்தை எடுத்தார்கள், மற்றது எல்லாம் சுவரிலேயே இருந்துவிட்டது. இப்படி ஒரு சமூகம் கையில் இருக்கிற பத்துப் படத்துக்கும் பெயர் எழுதாமல் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம், அதற்காகத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

செய்யக்கூடியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி எடுத்து எண்ணிமப்படுத்தியிருக்கிறது, இங்கே ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தை நடத்துகிற நூலக நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கிறது. அவர்களால் படத்தைக் காப்பாற்ற முடியும், உங்கள் பெரியம்மாவை அடையாளம் காட்ட அவர்களால் முடியாது. வீட்டில் வயது போனவர் ஒருவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்காருங்கள், அல்பத்தை மடியில் வையுங்கள், போனில் ரெக்கோடிங்கைப் போட்டுவிட்டு, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேளுங்கள். ஊர், வருஷம், என்ன விசேஷம், யார் எடுத்தது. பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயர். அவர் சொல்வதை மென்மையான பென்சிலால் பின்பக்கத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா வேண்டாம், முன்பக்கத்தில் தடம் விழும், மையும் ஊறும்.

படத்தை லெமினேட் பண்ணாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஒட்டுகிற பக்கம் உள்ள பிளாஸ்டிக் அல்பங்களில் இருந்தால் மெதுவாக வெளியே எடுங்கள், வராவிட்டால் இழுக்காமல் அப்படியே ஸ்கேன் பண்ணுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும், ஆகையால் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், கட்டிலுக்கு அடியிலும் வைக்காதீர்கள், காற்றோட்டமான அலுமாரியின் நடுத்தட்டு போதும்.

ஸ்கேன் பண்ணும்போது பின்பக்கத்தையும் தனியாகப் பண்ணுங்கள், ஸ்டூடியோவின் முத்திரையும் திகதியும் அங்கேதான் இருக்கும். கனடாவில் இருக்கிற மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப் போய்விடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள், பெயர் பட்டியலையும் கூடவே அனுப்பி, அவளுக்குத் தெரிந்த முகம் எது என்று கேளுங்கள். பேச்சு முடிந்ததும் பின்னால் இருக்கிற மேசையில் பென்சிலும் கடதாசியும் இருக்கிறது, படம் கொண்டுவந்தவர்கள் அங்கே வாங்கோ, ஒன்றாக உட்கார்ந்து எழுதத் தொடங்குவோம்.