ஊரான் பிள்ளையும் 480 நாளும்

(வாகன உதிரிபாக உற்பத்தியாளர்களின் ஆண்டுக் கூட்டத்தில், ஒரகடத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, தொழிலாளர் துறை இணை ஆணையர் அம்மா அவர்களே, அரசு ஐ.டி.ஐ. முதல்வர் ஐயா அவர்களே, தொழிலதிபர் பெருமக்களே, மனிதவளத் துறை நண்பர்களே, கடைசி வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பயிற்சித் தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

ஆட்சியர் அவர்களுக்கு முதலில் நன்றி சொல்லியாக வேண்டும். காலையில் மனுநீதி நாள் முகாம், மாலையில் ஏரி ஆய்வு. இரண்டுக்கும் நடுவில் நமக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். இணை ஆணையர் அம்மாவை நான் பல ஆண்டுகளாக அறிவேன். ஒரு முறை அவருடைய அலுவலகத்தில் சமரசப் பேச்சு இரவு இரண்டு மணி வரை நீண்டது. இரு தரப்புக்கும் தன் செலவில் டீ வாங்கிக் கொடுத்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர் அவர். ஐ.டி.ஐ. முதல்வர் ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய காலத்துக்கு ஏற்றபடி மாற்றும் திட்டத்தில் இப்போது ரோபோவும், கணினி வழியே ஓடும் சி.என்.சி. இயந்திரமும் வகுப்பறைக்கே வந்திருக்கின்றன. இயந்திரம் அரசாங்கம் கொடுத்தது. அதன் முன்னால் நின்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது இவரைப் போன்றவர்கள். இந்த மண்டபத்தை ஏற்பாடு செய்த நண்பர்களுக்கும், சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்ற கேன்டீன் குழுவினருக்கும் என் வணக்கம்.

வாகனத் தொழிலில் மனிதவளம் என்ற தலைப்பைத் தந்திருக்கிறார்கள். ஐந்து செய்திகளைச் சொல்ல நினைத்து வந்தேன். ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, சம்பளம், ஷிஃப்டும் கம்பெனி பஸ்ஸும், தொழிற்சங்கத்தோடு பேசுவது.

34 ஆண்டு பணியாளர் துறையில் இருந்தவன் நான். அந்த 34 ஆண்டும் ஒரே ஒரு பழமொழியை வைத்துத்தான் வேலை பார்த்தேன். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்." இதற்குப் பெரியவர்கள் ஒரு பொருள் சொல்வார்கள். ஊரான் பிள்ளை என்பது வேறு வீட்டில் பிறந்து நம் வீட்டுக்கு வந்த மனைவி. அவள் பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது அவளுக்கு ஊட்டினால், வயிற்றில் இருக்கும் நம் பிள்ளை தானே வளரும். உங்கள் கம்பெனி கேட்டுக்குள் வரும் ஒவ்வொரு தம்பியும் ஊரான் பிள்ளை. உங்கள் பிள்ளை எது? நீங்கள் நிலத்தை அடகு வைத்துக் கட்டிய தொழிற்சாலை.

ஆள் எடுப்பதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 1948-இல் தொடங்கி, பின்னாளில் அசோக் லேலண்ட் ஆன அசோக் மோட்டார்ஸ் காலத்தில் எண்ணூர் கேட்டில் ஆள் காத்திருந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் முழுவதும் ஆள் காத்திருந்தது. இப்போது நாம் ஆளுக்காகக் காத்திருக்கிறோம். கள்ளக்குறிச்சிக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் அனுப்பியவர்கள், இன்று ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஏஜென்ட்டை அனுப்புகிறார்கள். வந்த பிள்ளையை ஏன் விடுகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைப் பயிற்சி என்ற இரண்டாவது செய்தியில் சொல்கிறேன். அதற்கு ஒரு பையனின் கதையைச் சொல்ல வேண்டும்.

15 ஆண்டுக்கு முன்னால் நடந்தது. நான் பணியாளர் மேலாளராக இருந்த ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். தகட்டை அழுத்திக் கார் கதவுக் கீலுக்கு பிராக்கெட் அடிக்கிற பிரஸ் ஷாப். அங்கே ஒரு பையன் சேர்ந்தான். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவன், போளூர்ப் பக்கம் கிராமம். ஏட்டில் அவன் பெயர் டிரெய்னி. மூன்றாவது வாரத்திலிருந்து அவன் செய்தது முழு ஆபரேட்டர் வேலை. அந்தப் பையனுக்குக் காது அப்படி. பிரஸ் அடிக்கிற சத்தத்தில், தகட்டை வெட்டுகிற பஞ்ச் மூக்கு மழுங்கத் தொடங்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும். "சார், சத்தம் மாறுது, டூலை இறக்கிடலாம்" என்பான். சூப்பர்வைசர் முதலில் திட்டினார். இறக்கிப் பார்த்தால் பஞ்ச் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு உதிர்ந்திருக்கும். இரண்டு முறை, மூன்று முறை இப்படி. அப்புறம் டூல் ரூம் பெரியவரே அவனை ராத்திரி ஷிஃப்டுக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார். பிராக்கெட் ஓரத்தில் பெருவிரலை ஓட்டிப் பிசிறு எவ்வளவு என்று சொல்வான். கேஜ் வைத்துப் பார்த்தால் அதே அளவு.

பதினெட்டாவது மாதம் வந்தது. எங்கள் கம்பெனியின் வழக்கப்படி ஒரு பட்டியல் என் மேஜைக்கு வந்தது. 480 நாளை நெருங்குகிறவர்களின் பட்டியல். இங்கே பலருக்கு அந்த எண் தெரியும். தம்பிகளுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அந்த நாள் வரும் முன்பே, பட்டியலில் இருந்த பதினான்கு பேருக்கும் கடிதம் அடித்தோம். உங்கள் சேவை இனித் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. கீழே கையெழுத்து என்னுடையது.

ஏழு வாரம் போனது. புதிதாக வந்த பையன் நல்லவன்தான், ஆனால் அவனுக்கு அந்தச் சத்தம் இன்னும் பழகவில்லை. ஒரு ராத்திரி பஞ்ச் மூக்கு உடைந்தது. உடைந்த டூலிலேயே விடிய விடிய அடித்திருக்கிறார்கள். பிசிறோடு போன சரக்கு வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் சிக்கி, லைன் நின்றது. லைன் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நஷ்டத்தை எங்கள் கணக்கில் எழுதி டெபிட் நோட் வந்தது. எங்கள் ஆட்களை அவர்கள் கிடங்கில் உட்கார வைத்து நான்கு நாள் ஒவ்வொரு பீஸாகப் பொறுக்கினோம். ஐந்தாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தப் போளூர்ப் பையன் எங்கே?" என்று கேட்டார்.

நானே போனேன். காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி ஆரணி, ஆரணியிலிருந்து போளூர், அங்கிருந்து மினி பஸ், கடைசியில் இரண்டு கிலோமீட்டர் நடை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற காலம். அம்மா களத்தில் உட்கார்ந்து கொடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் அந்தக் கடிதத்தை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். "சாமி, எம்புள்ள இன்னா தப்பு பண்ணான்? இத ஊருல ஒருத்தருக்கும் படிச்சுச் சொல்லத் தெரியல. திருடிட்டான்னு பேசிக்கிறாங்க. பொண்ணு குடுக்கறதா இருந்தவங்களும் நின்னுட்டாங்க" என்றார்.

சபையோரே, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

பையன் சாயங்காலம் வந்தான். போர்வெல் வண்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் கல் மாவு. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் காட்டினான். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளையும் பேனாவால் வட்டம் போட்டிருந்தான். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை. கடைசி எண் 462. "இன்னும் பதினெட்டு நாள் சார்" என்றான். திரும்ப வா என்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "வந்தா எந்த நாளுல இருந்து எண்ணணும் சார்? 463-ல இருந்தா, ஒண்ணுல இருந்தா?"

மறுநாள் அந்தக் கேள்வியை முதலாளியிடம் அப்படியே வைத்தேன். "ஒன்றிலிருந்துதான்" என்றார். பையன் வரவில்லை. இன்றைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பைக் கடந்து போகும்போது அந்தச் சத்தத்தில் நான் அவனைத்தான் கேட்கிறேன். ஊரான் பிள்ளையைப் பதினெட்டு மாதம் ஊட்டி வளர்த்து, ஊட்டிய கையாலேயே தெருவில் விட்டோம். எங்கள் பிள்ளையும் அன்றைக்கே இளைத்தது.

உங்கள் தரப்பு நியாயம் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்கிறார். ஒரு மாதம் ஆர்டர் மலைபோல் வருகிறது, அடுத்த மாதம் பாதி. மின்சார வாகனம் வந்தால் இன்று அடிக்கிற பாகம் நாளை வேண்டாம். நிரந்தரமாக்கிவிட்டு எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறீர்கள். பாகம் மாறும், ஆனால் சத்தம் கேட்டுப் பழகிய காது அடுத்த பாகத்துக்கும் உதவும். ஒரே வேலை தெரிந்தவனை வைத்துக்கொள்வது கடினம். நான்கு வேலை தெரிந்தவனை எந்த மாதமும் எங்கேயாவது நிறுத்தலாம். நான்கு வேலை கற்க மூன்று ஆண்டு வேண்டும். பதினெட்டு மாதத்தில் அனுப்பிவிட்டால் அவன் எப்போது கற்பான்?

1998-இல் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு தரத்துக்காகத் தரும் ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்தது. இந்தியாவுக்கே அதுதான் முதல். அதைக் கொண்டாடாத தொழிலதிபர் இந்த மண்டபத்தில் இல்லை. பரிசைப் பற்றிப் பேசும்போது சார்ட்டும் போர்டும் பற்றிப் பேசுகிறோம். தன் இயந்திரத்தைத் தன்னுடையது என்று நினைக்கும் ஆள் இல்லாமல் அந்தச் சார்ட்டை யார் நிரப்புவார்? அடுத்த மாதம் நான் இருப்பேனா என்று தெரியாதவன் யோசனைப் பெட்டியில் என்ன போடுவான்?

சட்டத்தில் வழி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டம் அப்ரெண்டிஸை, அதாவது தொழில் பழகுநரை, தொழிலாளியாகக் கருதுவதில்லை. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கும் கட்டாயமும் பொதுவாக இல்லை. அந்தச் சட்டம் கற்றுக்கொடுப்பதற்காக வந்தது. உற்பத்தி லைனை ஓட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். குறித்த காலத்துக்கு எடுத்தவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை. அந்தக் கடிதத்தைப் பையனின் அம்மாவுக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். ஒடிசாப் பிள்ளைக்கு ஒடியாவில் கொடுங்கள். அவனும் ஊரான் பிள்ளைதான், இன்னும் தூரத்து ஊர்.

சம்பளம், ஷிஃப்ட், பஸ் பற்றியெல்லாம் இன்னொரு மேடையில் பேசலாம். பெண் பிள்ளைகளின் ராத்திரி ஷிஃப்டும் விடுதியும் தனியாக ஒரு நாளே பேச வேண்டிய பொருள். தொழிற்சங்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2009-இல் கோயம்புத்தூரில், 2012 ஜூலையில் ஹரியானாவின் மானேசரில் தொழிலாளர் தகராறு வன்முறையாக வெடித்தது. இரண்டும் வாகனத் தொழில், இரண்டு இடத்திலும் உயிரை விட்டவர்கள் நம் துறையைச் சேர்ந்த மனிதவள அதிகாரிகள். அந்தக் குடும்பங்களுக்கு இந்தச் சபை தலை வணங்கட்டும். அந்த வன்முறையை எதுவும் நியாயப்படுத்தாது. ஆனால் கோபம் கேட்டுக்கு வரும்வரை காத்திருக்கும் அதிகாரியாக நம்மில் யாரும் இருக்கக் கூடாது. காலண்டரில் வட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருக்கும் பையனை முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்றைக்கு இரவு வீட்டுக்குப் போனதும் வருகைப் பதிவேடான மஸ்டர் ரோலை எடுக்கச் சொல்லுங்கள். 400 நாளைத் தாண்டியவர்கள் யார் யார் என்று பெயரோடு பாருங்கள். அந்தப் பட்டியலை எதற்காகப் போடுகிறோம் என்பதை மட்டும் இந்த முறை மாற்றுங்கள். 480-ஆம் நாள் கையில் நிரந்தர ஆணையைக் கொடுப்பதற்காகப் போடுங்கள்.

மேடைக்கு இடப்பக்கம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். கம்பெனியின் பெயரையும், அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குள் எத்தனை பேரை நிரந்தரமாக்குவீர்கள் என்ற எண்ணையும் எழுதுங்கள். ஒன்று என்றாலும் எழுதுங்கள். முதல் பக்கத்தில் இணை ஆணையர் அம்மா கையெழுத்திட்டு வைத்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் போகும் முன் நான் அங்கேதான் நிற்பேன், பேனா என்னிடம் இருக்கிறது. வணக்கம்.